ரசாயனம் புழங்கும் இடத்தில் வேலைக்குச் சேர்கிறீர்களா? முதல் வாரத்தில் கற்க வேண்டியவை

திருப்பூர் சாயப்பட்டறையோ, ராணிப்பேட்டை தோல் ஆலையோ, மீன் பதப்படுத்தும் ஐஸ் பிளான்ட்டோ, எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே மெஷினை எப்படி ஓட்டுவது என்று சொல்லித் தந்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் நீல பேரலில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. கேட்டால் "அது ஆசிட், கிட்டப் போகாதே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஒரு வரி போதாது. புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்காக, மீதியை இங்கே எழுதுகிறேன். சாயப்பட்டறையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன் என்றாலும் இதில் பெரும்பகுதி மற்ற தொழில்களுக்கும் பொருந்தும்.

ஒரு ரசாயனம் தன் டிரம்மில், தன் இடத்தில், மூடியோடு இருக்கும் வரை பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். சேரக் கூடாத ஒன்றோடு அது சேரும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. சேருவது இன்னொரு ரசாயனமாக இருக்கலாம், ஈரமாகவோ துருவாகவோ வெயிலாகவோகூட இருக்கலாம். அதனால் எந்தப் பொருளைத் தொடும் முன்பும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதன் பெயர் என்ன? இது எதோடு சேரக் கூடாது?

முதலில் பெயர்

ஸ்டோருக்குப் போய் அங்கே இருக்கும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டறையில் புழங்கும் பெயர், லேபிளில் இருக்கும் பெயர் இரண்டையும் எழுதுங்கள். காஸ்டிக் என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. ஹைட்ரோஸ் என்பது சோடியம் டைதயோனைட். லேபிளில் சோடியம் ஹைட்ரோசல்பைட் என்றும் போட்டிருப்பார்கள். பெராக்சைடு என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு, பெரும்பாலும் 50 சதவீதம். "ஆசிட்" என்று மட்டும் எழுதாதீர்கள். அசிட்டிக் ஆசிட்டும் சல்பூரிக் ஆசிட்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு.

பெயருக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்றால், 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெதில் ஐசோசயனேட் கசிந்தபோது, மருத்துவமனைக்கு ஆயிரக்கணக்கில் வந்தவர்களைப் பார்த்த டாக்டர்களுக்கு அது என்ன வாயு, அதற்கு என்ன சிகிச்சை என்று சரியாகச் சொல்ல ஆள் இல்லை. பொருளின் பெயர் தெரியாவிட்டால் எந்த மருத்துவரும் இருட்டில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

லேபிள் இல்லாத கேன், வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைத்த ரசாயனம், வேறு பொருளின் லேபிளோடு நிற்கும் பேரல் எதையும் திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நீங்களே சின்ன கேனில் மாற்றி எடுத்தால், மூடும் முன்பே மார்க்கரால் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். குளிர்பான பாட்டிலில் ரசாயனம் ஊற்றுவதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். தாகத்தில் வருபவர் அதை எடுத்துக் குடித்துவிடுவார்.

லேபிளும் எம்.எஸ்.டி.எஸ்-உம்

லேபிளில் சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரங்களுக்குள் படங்கள் இருக்கும். மொத்தம் ஒன்பதுதான். தீ என்றால் எரியக்கூடியது. வட்டத்தின் மேல் தீ என்றால் தான் எரிவதைவிட மற்றதை எரிய வைப்பது; பெராக்சைடு இந்த வகை. கையிலும் உலோகத்திலும் சொட்டும் குழாய் என்றால் அரிப்பது. மண்டையோடு தெரிந்ததே. மார்பில் நட்சத்திரம் போல வெடித்த மனித உருவத்தைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். இன்று எதுவும் தெரியாது, ஆனால் ஆண்டுகள் கழித்து நுரையீரலையோ வேறு உறுப்பையோ பாதிக்கும் என்று அது சொல்கிறது. ரியாக்டிவ் சாயப்பொடிகள் பலவற்றில் இந்தப் படத்தைக் காணலாம். அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வர வாய்ப்பு உண்டு. ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளித் தூசியே போதும், மூச்சு இழுக்கும். கலர் கிச்சனில், அதாவது சாயம் கலக்கும் அறையில், பொடி நிறுப்பவர்கள் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். அது அந்தத் தூசியைத் தடுக்காது.

எம்.எஸ்.டி.எஸ் என்று நாம் சொல்லும் பாதுகாப்புத் தாள் 16 பகுதிகள் கொண்டது. முழுதும் படிக்க வேண்டும் என்று மலைக்காதீர்கள். முதல் வாரத்தில் ஐந்து பகுதி போதும்: 2-இல் ஆபத்து என்ன, 4-இல் முதலுதவி, 6-இல் சிந்தினால் என்ன செய்வது, 8-இல் என்ன கையுறை என்ன முகமூடி, 10-இல் எதோடு சேரக் கூடாது. ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்தி, ஒடியா பேசும் ஆட்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் வேண்டும்.

சேரக் கூடாத ஜோடிகள்

இவற்றை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

ஹைப்போகுளோரைட் என்ற வெளுப்புத் திரவம் அல்லது பிளீச்சிங் பவுடரோடு எந்த ஆசிட் சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது என்பதால் தரையோடு பரவி, பள்ளத்திலும் கீழ்த்தளத்திலும் தேங்கும்.

சோடியம் சல்பைடோடு ஆசிட் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற ஆளைக் கொல்லும் வாயு வரும். சல்பர் பிளாக் என்ற கறுப்புச் சாயம் ஓட்டும் பட்டறைகளிலும், தோலுக்குச் சுண்ணாம்பு போடும் ஆலைகளிலும் இந்தச் சல்பைடு உண்டு. இரண்டு தனித்தனி மெஷினின் கழிவுநீர் ஒரே வாய்க்காலில் போய்ச் சேர்ந்தாலே போதும்.

ஹைட்ரோஸோடு கொஞ்சம் ஈரம். இதைத்தான் புதியவர்கள் நம்ப மாட்டார்கள். ஈரமான கரண்டியை டிரம்முக்குள் விட்டாலோ, மழைத் தண்ணீர் உள்ளே சொட்டினாலோ அது தானாகச் சூடேறிப் புகையத் தொடங்கி, சல்பர் டை ஆக்சைடு வாயுவை விடும், தீயும் பிடிக்கும். எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை என்பதால் மணலைக் கொட்டியோ சாக்கைப் போட்டோ மூடி அணைக்க முடியாது. அப்போது தேவைப்படுவது ஏராளமான தண்ணீர். அரை வாளித் தண்ணீர் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். எனவே புகையும் ஹைட்ரோஸ் டிரம் அருகே நீங்கள் நிற்க வேண்டாம். காற்று வரும் திசைக்கு விலகிப் போய்த் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

பெராக்சைடோடு துரு, சாயப்பொடி, துணி. 50 சதவீத பெராக்சைடு சிந்தினால் பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைப்பதுதான் திருப்பூர் வழக்கம். அப்படித் துடைத்த வேஸ்ட்டை மூலையில் எறிந்தால் சற்று நேரம் கழித்து அது தானே தீப்பிடிக்கலாம். மரத்தூளும் கூடாது. நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து ஈடிபிக்கு, அதாவது ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, அனுப்புவதே முறை. டிரம்மிலிருந்து எடுத்ததில் மிச்சம் இருந்தால் திரும்ப ஊற்றக் கூடாது. கையோடு போகும் துளி அழுக்கு உள்ளே இருப்பதையும் சிதைத்து, அழுத்தம் ஏற்றி, டிரம்மை உப்ப வைக்கும். அந்த மூடியில் காற்றுப்போக்கி வைத்திருப்பது இதற்காகத்தான். அதை டேப் ஒட்டி அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டோரில் இந்த ஜோடிகளுக்கு நடுவே சுவர் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் தனித்தனித் தடுப்புத் தொட்டியாவது வேண்டும். மேல் தட்டில் திரவமும் கீழ் தட்டில் பொடியும் இருந்தால், ஒழுகினால் எது எதன் மேல் விழும் என்று யோசியுங்கள். டேங்கைச் சுற்றிய தடுப்புச் சுவர் உள்ளிருக்கும் பெரிய டேங்கின் கொள்ளளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்க வேண்டும். 110 சதவீதம் என்பது பொதுவான கணக்கு.

உடுப்பு

லுங்கி, செருப்போடு காஸ்டிக் பக்கம் போகக் கூடாது. முழங்கால் வரை கம்பூட் போட்டு, பேன்ட்டை பூட்டுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் சிந்தும் திரவம் நேராகப் பூட்டுக்குள் இறங்கிவிடும். கையுறை ரப்பரோ நைட்ரைலோ என்பதை 8-ஆம் பகுதி சொல்லும். துணிக் கையுறை ரசாயனத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைப்பதால் வெறுங்கையைவிடக் கெடுதல். கண்ணுக்கு நாலாபுறமும் மூடிய கண்ணாடி வேண்டும். வெயில் காலத்தில் இவையெல்லாம் வியர்வையில் ஊறி எரிச்சலாக இருக்கும், தெரியும். ஆனால் காஸ்டிக் கண்ணில் பட்டால் பார்வை திரும்பாமலே போகலாம்.

தூசி முகமூடி வாயுவைத் தடுக்காது. வாயுவை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் முகமூடியும் அந்தந்த வாயுவுக்கானதாக இருந்தால்தான் பயன். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அதுவும் பயன்படாது.

ஊற்றும்போது

தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். காஸ்டிக் செதில்களையும் அப்படியே: குளிர்ந்த தண்ணீர் முதலில், செதில் கொஞ்சம் கொஞ்சமாக. சூடான தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பேரலைச் சாய்த்து ஊற்றாமல் கைப்பம்பு கேளுங்கள். வாயால் உறிஞ்சிக் குழாயில் இழுக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. யார் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள்.

டேங்கர் வந்து இறக்கும் நேரம்

புதியவர்களை "போய் ஹோஸ் பிடி" என்று அனுப்புவது இந்த வேலைக்குத்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2016 அக்டோபர் 21 காலை, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் அட்சிசன் என்ற ஊரில் ஒரு ஆலைக்குச் சல்பூரிக் ஆசிட் டேங்கர் வந்தது. இறக்கும் குழாய் வாய்கள் ஒன்றரை அடி இடைவெளியில் ஒரே மாதிரி இருந்தன. எது எது என்று தெளிவான குறி இல்லை. ஹைப்போகுளோரைட் வாயில் போட்டிருக்க வேண்டிய பூட்டு திறந்திருந்தது. ஆசிட் ஹோஸ் அந்த வாயில் மாட்டப்பட்டது. எழுந்த குளோரின் மேகம் ஊர் மேல் போய், 140-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவ உதவி தேடினார்கள். அங்கே யாருமே வேண்டுமென்று செய்யவில்லை. அந்த நிமிடத்தில் குழாய் வாயின் பெயரைச் சரிபார்க்கும் இரண்டாவது ஆள் இருந்திருந்தால் போதும்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். வண்டியின் சலானில் உள்ள பெயரையும் டேங்கரின் பலகையில் உள்ள நாலிலக்க ரசாயன எண்ணையும் முதலில் ஒத்துப் பாருங்கள். எந்த டேங்க், எந்த வாய் என்று நம் ஆள் காட்ட வேண்டும், டிரைவரின் ஊகத்துக்கு விடக் கூடாது. அந்த வாயின் பூட்டுச் சாவி ஸ்டோர் கீப்பரிடம் மட்டும் இருக்கட்டும். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளவு பாருங்கள். வண்டிச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அவசர ஷவரில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்த பிறகே வால்வைத் திறக்கலாம். இறங்கி முடியும் வரை ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்; டீ குடிக்கப் போகக் கூடாது.

மேலே பட்டுவிட்டால்

தண்ணீர், உடனே, நிறைய. கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். காஸ்டிக் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் கழுவிக்கொண்டே போகலாம். பட்ட துணியை வெட்கப்படாமல் கழற்றுங்கள். காஸ்டிக் மேல் எலுமிச்சையோ வினிகரோ, ஆசிட் மேல் சோடா உப்போ போடாதீர்கள். இரண்டும் சேரும்போது வரும் சூடு புண்ணை ஆழமாக்கும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். 108-ஐ அழைத்து, பொருளின் எம்.எஸ்.டி.எஸ்-ஐ ஆளோடு அனுப்புங்கள்.

ஐ வாஷும் (கண் கழுவும் குழாய்) ஷவரும் எங்கே என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கண்ணை மூடிக்கொண்டு நடந்து பாருங்கள். தேவைப்படும்போது உங்கள் கண் திறந்திருக்காது.

தொட்டிக்குள் இறங்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஈடிபி தொட்டி, ஸ்லட்ஜ் (கழிவுச் சேறு) தொட்டி, செப்டிக் டேங்க், மூடிய கலெக்ஷன் சம்ப், இவற்றில் கழிவு அழுகி ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டியதும் அது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். "இப்போது வாடை இல்லை, இறங்கலாம்" என்பது அந்த வாயுவிடம் ஏமாந்த பேச்சு. இன்னும் கூடினால் இரண்டொரு மூச்சில் ஆள் விழுவார். ஆக்சிஜன் குறைந்தாலும் அதே கதைதான். சாதாரணக் காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் இருப்பது 19.5-க்குக் கீழே போனால் உள்ளே போகக் கூடாது.

அப்புறம் நடப்பதுதான் நெஞ்சைப் பிளக்கிறது. விழுந்தவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அவரைத் தூக்கப் பக்கத்து மெஷின்காரர் இறங்குவார். தமிழ்நாட்டில் இப்படி ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. பின்னால் இறங்கியவர்கள் எல்லாரும் பாசத்தால் இறங்கியவர்கள். மேலே நின்று கத்துவது கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற உங்களால் முடிவது மூன்று: 101-க்கோ 112-க்கோ அழைப்பது, புளோயர் இருந்தால் காற்றைச் செலுத்துவது, அவர் உடம்பில் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்து இழுப்பது.

இறங்கியே ஆக வேண்டிய வேலை என்றால் அது பயிற்சி பெற்றவர்கள் எழுத்துப்பூர்வமான அனுமதியோடு செய்யும் வேலை. மூடிகள் எல்லாம் திறந்து, உள்ளே வரும் குழாய்களை அடைத்து, காற்றுச் செலுத்தி, மேலே, நடுவே, அடியே என்று வாயு மீட்டரால் அளந்து, இறங்குபவருக்கு ஹார்னஸ் (உடம்பில் கட்டும் பட்டை) மாட்டி, அவரை மேலே தூக்கும் முக்காலிச் சட்டத்தை நிறுத்தி, வெளியே கண்காணிக்க ஒருவரை நிறுத்தி வைத்த பிறகே இறங்க வேண்டும். உள்ளே இருக்கும் நேரம் முழுக்க மீட்டர் ஓட வேண்டும். சேற்றைக் கிளறினால் அடைபட்டிருந்த வாயு புதிதாக வெளிவரும். கழிவுநீர்க் குழாயிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. "இறங்க மாட்டேன்" என்று சொல்ல உங்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. வேலையே போனாலும் அதைச் சொல்லுங்கள்.

கழிவும் காலி பேரலும்

காலி பேரல் காலி இல்லை. உள்ளே ஒட்டியிருப்பது போதும். நம் ஊரில் இந்த நீல பேரல்கள் விலைக்குப் போய் வீட்டில் தண்ணீர் பிடிக்கப் பயன்படுகின்றன. அந்தத் தண்ணீரைக் குழந்தைகள் குடிக்கிறார்கள். ரசாயனம் ஒட்டிய காலிக் கலன்களைச் சட்டமே அபாயக் கழிவு என்கிறது. அனுமதி பெற்றவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். தின்னர், சால்வென்ட் இருந்த இரும்பு டிரம்மை கேஸ் கட்டிங்கால் வெட்டினால் உள்ளே மிஞ்சிய ஆவி வெடிக்கும்.

ஸ்லட்ஜை மூட்டை கட்டிக் கூரையின் கீழ், சிமெண்ட் தரையில் வையுங்கள். பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாப்பான நிலநிரப்பிடத்துக்கோ, சிமெண்ட் ஆலைக்கோ அனுப்ப வேண்டும். தேக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதை 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பார்த்தோம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உங்கள் தங்கும் அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஆலைக்கு வெளியே

நீங்கள் கற்றதை வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டு போங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போட்டால் அதே குளோரின்தான் பாத்ரூமில் வரும்.

ரோட்டில் டேங்கர் கவிழ்ந்தால் அதன் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் உள்ள பலகையைத் தூரத்தில் இருந்தே பாருங்கள், முடிந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். நாலிலக்க எண் ஒன்று இருக்கும்: 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1075 சமையல் எரிவாயு, 1203 பெட்ரோல், 1830 சல்பூரிக் ஆசிட். அந்த எண்ணை 112-இல் சொன்னால் வருபவர்கள் தயாராக வருவார்கள். சிந்தும் பெட்ரோலைக் குடத்தில் பிடிக்க ஓடுபவர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.

வாயுக் கசிவு என்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கொடியையோ மர இலையையோ பார்த்து, காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கமாகப் போங்கள். வாயு போகும் திசையிலேயே ஓடினால் அதுவும் கூடவே வரும். வெளியேற வழியில்லாவிட்டால் கதவு ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத் துணி வைத்து உள்ளேயே இருங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கடியில் போகும் அம்மோனியாக் குழாய் கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளோடு ரோட்டுக்கு ஓடினார்கள். அபாயகரமான ரசாயனம் வைத்திருக்கும் பெரிய ஆலைகள், விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றி இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உங்கள் ஊரில் சொல்லியிருக்கிறார்களா? கிராம சபையில் கேளுங்கள்.

கேட்டால் நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அதன் பிறகுதான் சென்னை மணலியில் 2015-இல் பறிமுதலாகிக் கிடந்த ஏறக்குறைய 700 டன் அதே பொருளைப் பற்றி எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள். சில நாட்களிலேயே அது ஏலத்தில் எடுத்தவர்களால் ஹைதராபாத்துக்கு லாரி லாரியாக அகற்றப்பட்டது.

யாரிடம் சொல்வது

முதலில் சூப்பர்வைசரிடம், பிறகு பாதுகாப்புக் குழு இருந்தால் அதனிடம். வாயால் சொன்னதைத் தேதி போட்டு எழுதியும் கொடுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். உடனடி ஆபத்து என்று தொழிலாளிக்குத் தோன்றினால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம் என்ற உரிமை, போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மாவட்டங்களில் அலுவலகங்கள் உண்டு. ஆற்றிலோ ஓடையிலோ கழிவு விட்டால் மாசு கட்டுப்பாட்டு வாரியம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906. இவற்றோடு ஆலையின் முழு முகவரியையும் ஸ்டோர் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்குத் தான் நிற்கும் தெருவின் பெயர் தெரியாமல், ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல முடியாமல் போகக் கூடாது.